இங்கிலாந்து கிராமப்புறத்தில் பழைய எல்லைக்கல்லைக் கண்டுபிடிப்பதும் பதிவுசெய்வதும்

எல்லைக்கல் தேடக் கிளம்புகிறவர்கள் செய்யும் முதல் தவறு, கல்லைத் தேடுவதுதான். முழங்கால் உயரக் கல், இருநூறு வருஷமாக மண்ணில் இறங்கி, பாசி போர்த்தி, பிளாக்பெர்ரி முள்ளுக்குள் கிடக்கும். வெறும் கண்ணால் துழாவி அதைப் பிடிப்பது அதிர்ஷ்டம். தேட வேண்டியது எல்லைக் கோடு. ஒரு பாரிஷ் (கிறிஸ்தவக் கோயில் ஒன்றைச் சேர்ந்த ஊர் வட்டாரம்) எங்கே முடிகிறது, அந்தக் கோடு எங்கே திரும்புகிறது, எங்கே ஓடையை விட்டு மேட்டில் ஏறுகிறது என்று தெரிந்துவிட்டால், கல் நிற்கக்கூடிய இடங்கள் நாலைந்தாகச் சுருங்கிவிடும். பாதி வேலை வீட்டு மேசையில், மீதிதான் சேற்றில்.

பாரிஷ் என்பது முதலில் கோயில் பங்கு. பிறகு அதுவே வரி வாங்கும், செலவு செய்யும் வட்டாரமாக ஆனது. 1555-ல் சாலைப் பராமரிப்பையும், 1601-ல் ஏழைகளைக் காப்பாற்றும் கடமையையும் சட்டம் பாரிஷின் தலையில் வைத்தது. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு எந்தக் கோயிலுக்குப் போகும் என்பதையும் இதே கோடுதான் தீர்மானித்தது. அதனால்தான் யாருக்கும் உதவாத பொட்டல் மேட்டில்கூடக் கல் நட்டிருக்கிறார்கள். வரைபடம் இல்லாத காலத்தில் இந்தக் கோட்டை மனிதர்களின் ஞாபகத்தில் பதித்துவைத்தார்கள். இயேசு விண்ணேற்ற விழாவை ஒட்டிய நாட்களில் ஊரார் பாதிரியாருடன் எல்லை வலம் வருவார்கள். கையில் வில்லோ குச்சி. சிறுவர்களின் தலையையோ பின்புறத்தையோ கல்லில் முட்டவைப்பார்கள். வலி மறக்காது, இடமும் மறக்காது என்ற கணக்கு. ஆக்ஸ்ஃபோர்டில் செயின்ட் மைக்கேல் கோயில்காரர்கள் இன்றும் கடைகளுக்குள்ளும் கல்லூரிச் சுவர்களுக்குள்ளும் புகுந்து இந்த வலத்தை நடத்துகிறார்கள்.

மேசையில் செய்ய வேண்டியது

ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் அரசு நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வே வரைந்த இங்கிலாந்தின் பழைய வரைபடங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய தாளை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் போட்டு, ஒளிபுகும் அளவை நகர்த்திப் பார்க்கலாம். இரண்டு அளவுகள் நமக்கு வேண்டும்: மைலுக்கு 6 அங்குலம், மைலுக்கு 25 அங்குலம். கோட்டின் மொத்த ஓட்டத்தை முன்னதில் பாருங்கள். கல் நிற்கும் துல்லிய இடத்தைப் பின்னதில். முதல் பதிப்பு, 1900-ஐ ஒட்டிய இரண்டாம் பதிப்பு இரண்டையும் பார்க்க வேண்டும். முதலில் இருந்த கல் இரண்டாவதில் இல்லையென்றால் அதுவே ஒரு தகவல்.

எல்லைக் கோடு புள்ளி வரிசையாகப் போகும். அதன் மேல் 'பி.எஸ்.' (B.S.) என்று இரண்டு எழுத்து இருந்தால் எல்லைக்கல், 'பி.பி.' (B.P.) என்றால் கம்பம். 'எம்.எஸ்.' மைல்கல், 'பி.எம்.' (B.M.) உயர அளவுக் குறி. இரண்டும் நமக்கு வேண்டாதவை. இன்றைய நடைபயண வரைபடத்திலும் பாரிஷ் எல்லை கறுப்புப் புள்ளிகளாகத்தான் இருக்கிறது. அதை ஒற்றையடிப் பாதை என்று நினைத்து நடந்து, ஆள் உயர முள்வேலியில் போய் நிற்பது புதியவர்களுக்கு வாடிக்கை.

25 அங்குலத் தாளில் கோட்டின் ஓரமாகப் பொடி எழுத்தில் இன்னும் சில குறிகள் ஓடும். பலர் கவனிக்காமல் விட்டுவிடுவது இவற்றைத்தான்; கல் கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் இவற்றைப் பொறுத்தது. 'சி.எஸ்.' என்றால் ஓடையின் நடு. 'சி.ஆர்.' என்றால் சாலையின் நடு. 'எஃப்.டபிள்யூ.' சுவரின் முகம். 'ஆர்.எச்.' உயிர்வேலியின் அடி. அதன் முன்னால் '4 அடி' என்று சேர்ந்து வந்தால், எல்லை வேலியின் அடியிலிருந்து நான்கு அடி தள்ளி ஓடுகிறது என்று பொருள். 'அண்ட்.' (Und.) என்று இருந்தால் தரையில் எந்த அடையாளமும் இல்லாத வெறும் கோடு. அப்படிப்பட்ட கோட்டில்தான் கல்லுக்கு வேலை அதிகம்.

ஏன் நான்கு அடி? பள்ளம் வெட்டுகிறவன் தன் நிலத்தின் விளிம்பில் நின்று வெட்டுவான். மண்ணைப் பக்கத்துக்காரன் நிலத்தில் போட முடியாது, தன் பக்கமே போடுவான். அந்த மண்மேட்டில் வேலி நடுவான். ஆக வேலிக்கு அப்பால் பள்ளம், பள்ளத்தின் அப்பால் கரைதான் எல்லை. 1810-லேயே ஒரு வழக்கில் நீதிபதி லாரன்ஸ் இந்த வழக்கத்தை விதியாகச் சொல்லியிருக்கிறார். இது தெரியாதவர் வேலிக்குள் தலையை விட்டுத் தேடுவார். கல்லோ பள்ளத்தைத் தாண்டி, எதிர்க்கரையில், புல்லுக்குள் இருக்கும்.

1841-ன் சர்வே சட்டப்படி ஒவ்வொரு பாரிஷிலும் எல்லை தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவர் நியமிக்கப்பட்டார். மியர்ஸ்மேன் என்று பெயர். இரண்டு பக்கத்து மியர்ஸ்மேன்களும் சர்வே அதிகாரியோடு கோடு முழுக்க நடந்து காட்டினார்கள். அந்த நடையில் எழுதிய குறிப்பேடுகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் 'ஓ.எஸ். 26' என்ற வரிசையில் இருக்கின்றன. எல்லை வரைவுப் படங்கள் 'ஓ.எஸ். 27'-ல். வரைபடத்தில் இடமில்லாமல் விட்டுப்போன கல்லும் மரமும் இவற்றில் அகப்படும்.

அதற்கும் முந்தையது தசமபாக வரைபடம். 1836-ன் சட்டத்துக்குப் பிறகு, தானியமாகக் கொடுத்த தசமபாகத்தைப் பணமாக மாற்றுவதற்காக வரைந்தது. கியூவில் வரைபடம் 'ஐ.ஆர். 30', அதோடு சேர்ந்த நிலப் பட்டியல் 'ஐ.ஆர். 29', மாவட்ட ஆவணக்காப்பகங்களிலும் படிகள் உண்டு. நிலங்களை வேலியிட்டுப் பிரித்தபோதே தசமபாகத்தைத் தீர்த்துக்கொண்ட ஊர்களுக்கு இந்தப் படம் இருக்காது. அங்கே நிலப் பிரிப்பு வரைபடத்தைக் கேளுங்கள்.

நிலப் பட்டியலில் வயல் பெயர்களை விரல் வைத்துப் படிக்க வேண்டும். 'மியர்', 'மார்க்', 'ஹோர்ஸ்டோன்', 'ஷயர் ஓக்', 'காஸ்பல் ஓக்' போன்ற பெயர்கள் எல்லையை ஒட்டி வருகின்றன. காஸ்பல் ஓக் என்பது எல்லை வலத்தில் நின்று நற்செய்தி வாசித்த மரம். 'த்ரீப்' என்று தொடங்கும் பெயர் தகராறு நிலத்துக்கு. ஷெஃபீல்டின் மியர்ஸ்புரூக் பகுதிக்குப் பெயர் தந்த ஓடை, யார்க்‌ஷயருக்கும் டார்பிஷயருக்கும் நடுவே எல்லையாக ஓடியது. ஆனால் 'மியர்' என்றால் குளம் என்றும் பொருள் உண்டு. பெயரை மட்டும் நம்பிக் கிளம்பினால் வாத்துதான் கிடைக்கும்.

இவ்வளவும் பார்த்தபின் ஒரு தாளில் கோட்டை வரைந்து, நான்கு வகை இடங்களை வட்டமிடுங்கள்: கோடு திரும்பும் மூலை, ஓடையும் சாலையும் போன்ற தரை அடையாளத்தை விட்டுக் கோடு விலகும் இடம், சாலை கோட்டைக் குறுக்கே கடக்கும் இடம், மூன்று பாரிஷ்கள் கூடும் முச்சந்தி. கோடு ஓடையின் நடுவிலேயே ஓடும் இரண்டு மைலில் கல் தேடிப் பயனில்லை. ஓடையே அங்கே கல்.

வெளியில்

நவம்பர் கடைசி முதல் மார்ச் தொடக்கம் வரை நல்ல காலம். பெரணி மடிந்து படுத்துவிடும், காஞ்சொறி செத்திருக்கும், தாழ்ந்த சூரியன் எழுத்தைத் தூக்கிக் காட்டும். ஜூலையில் போனால் கல்லுக்கு ஒரு கை தூரத்தில் நின்றும் காணாமல் திரும்பலாம்.

பொதுப் பாதையில் நடக்க அனுமதி வேண்டாம். 2000-ம் ஆண்டுச் சட்டம் திறந்துவிட்ட மேட்டு நிலங்களிலும் நடந்து போகலாம். அங்கே மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை 2 மீட்டருக்கு மேற்படாத வாரில் பிடித்திருக்க வேண்டும். மற்ற வயல்களுக்குள் இறங்க விவசாயியைக் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் சம்மதம் கிடைக்கும். கூடவே 'அப்பா காலத்தில் அந்த மூலையில் ஒரு கல் இருந்தது' என்ற தகவலும் கிடைக்கும்.

கைபேசியில் பழைய வரைபடத்தைத் திறந்து புள்ளியில் நின்றாலும், 5 முதல் 10 மீட்டர் விலகல் சாதாரணம். பழைய தாளை இன்றைய வரைபடக் கட்டத்தில் பொருத்தும்போது வரும் பிழை ஒன்று, கைபேசியின் பிழை இன்னொன்று. ஆகவே புள்ளியைச் சுற்றி வட்டமடிக்காமல், கோட்டின் வழியே முன்னும் பின்னும் 20 மீட்டர் நடந்து பாருங்கள். பள்ளத்தின் இரண்டு கரையையும் பாருங்கள். சுற்றியுள்ள கல் வகைக்குச் சம்பந்தமில்லாத ஒரு கல், இயல்புக்கு மாறாக நேரான ஒரு விளிம்பு, புல்லில் ஒரு முழத்துக்கு மேடு இவைதான் கண்ணுக்குப் படும். திறந்த மேட்டில் ஒரு கல்லிடம் நின்றால் அடுத்தது பெரும்பாலும் அடிவானத்தில் தெரியும், அப்படித்தான் நட்டிருக்கிறார்கள். தெரியவில்லையென்றால் நடுவில் ஒன்று விழுந்திருக்கலாம்.

நட்ட இடத்தில் இல்லையென்றால் பக்கத்துக் கேட் தூண்களைப் பாருங்கள். செதுக்கின நீளக்கல் விவசாயிக்குத் தயாராகக் கிடைத்த தூண். கீல் மாட்டின துளையோடு, எழுத்து தலைகீழாக நிற்கும். சாலை அகலப்படுத்தியபோது சில மீட்டர் தள்ளி நட்டதும் உண்டு. 1940-ல் ஜெர்மன் படை இறங்கினால் வழி தெரியக்கூடாது என்று ஊர்ப்பெயர் தாங்கிய கைகாட்டிகளை அகற்றினார்கள். கற்களில் சிலவற்றைப் புதைத்தார்கள், சிலவற்றில் பெயரைக் கொத்தி எடுத்தார்கள். பெயர் மட்டும் சதுரமாகச் சிதைந்து, மற்ற பக்கம் ஒழுங்காக இருந்தால் அந்தக் காலத்து வேலை என்று சந்தேகிக்கலாம்.

எழுத்தைப் படிப்பது

கம்பித் தூரிகை, பிளீச், சாக்பீஸ், ஷேவிங் நுரை எதுவும் கூடாது. கல்லின் மேலுள்ள கற்பாசி வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராத இனமாக இருக்கலாம். அதைச் சுரண்டினால் அதோடு எழுத்தின் விளிம்பும் உதிரும். தளர்ந்த மண்ணையும் இலையையும் கையால் தள்ளுங்கள். மிஞ்சிப்போனால் மெல்லிய தூரிகை, வெறும் தண்ணீர். அடியில் தோண்டவும் வேண்டாம். எத்தனையோ கற்கள் இரண்டாம் தரப் பட்டியலில் சேர்த்துப் பாதுகாக்கும் கட்டடமாகவோ, 1979-ன் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட தொல்சின்னமாகவோ இருக்கின்றன. பழஞ்சின்னங்களைக் கவனிக்கும் அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் தேசியப் பட்டியலில் தேடிப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

எழுத்தை வெளிக்கொண்டுவருவது வெளிச்சம்தான். பெரிய டார்ச் ஒன்று, கறுப்புத் துணியோ குடையோ ஒன்று. கல்லின் மேல் நிழல் விழச் செய்து, டார்ச்சைக் கல்லின் முகத்தோடு ஒட்டினாற்போல், 10 முதல் 15 டிகிரி சாய்வில் பக்கவாட்டிலிருந்து அடியுங்கள். மட்டமாகத் தெரிந்த முகத்தில் பள்ளங்கள் நிழலாக எழும். இடதிலிருந்து ஒரு படம், வலதிலிருந்து, மேலிருந்து என்று மூன்று எடுங்கள். செங்குத்துக் கோடு பக்க வெளிச்சத்திலும் கிடைக்கோடு மேல் வெளிச்சத்திலும்தான் தெளியும். ஒரே பக்கத்து வெளிச்சத்தை நம்பினால் 'E' எழுத்து அதன் மூன்று குறுக்குக் கோடும் இல்லாமல் 'I' ஆகிவிடும். கண்ணை மூடி விரல் நுனியால் தடவிப் பார்ப்பதும் வீண்வேலையல்ல. கேமராவுக்குச் சிக்காத பள்ளம் விரலுக்குச் சிக்குவது உண்டு.

தேய்ந்த கல்லில் 'பி'-யும் 'ஆர்'-உம், 'எச்'-உம் 'என்'-உம், 1-ம் 7-ம் குழம்பும். இதற்கு எளிய வழி, கோட்டின் இரண்டு பக்கமும் உள்ள பாரிஷ்களின் பெயரை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வது. வழக்கமாக ஒவ்வொரு பாரிஷின் முதலெழுத்தும் அந்தப் பாரிஷைப் பார்த்த முகத்தில் இருக்கும். அந்த மண்ணில் நின்று பார்த்தால் அந்த எழுத்து தெரிய வேண்டும். எனவே ஒரு முகத்துக்கு ஒன்றோ இரண்டோ எழுத்துகளே சாத்தியம். எழுத்துகள் மாறி நின்றால், விழுந்த கல்லை யாரோ திருப்பி நட்டிருக்கிறார்கள்.

எழுத்து இரண்டு பாரிஷுக்கும் பொருந்தவில்லையென்றால் அது பாரிஷ் கல்லே இல்லாமல் இருக்கலாம். நிலக்கிழாரின் முதலெழுத்தாக இருக்கும். தசமபாகப் பட்டியலில் நில உரிமையாளர் பத்தியைப் பாருங்கள். தென்மேற்கே டெவனின் டார்ட்மூர் மேட்டு நிலத்தில் 'டபிள்யூ.பி.' (W.B.) என்றிருந்தால் முயல் வளர்ப்பு மேட்டின் எல்லை. பர்ரேட்டர் நீர்த்தேக்கத்தைச் சுற்றி 'பி.சி.டபிள்யூ.டபிள்யூ. 1917' (P.C.W.W.) என்று நிற்பவை பிளிமத் மாநகராட்சிக் குடிநீர்த் துறையின் நீர்ப்பிடிப்புக் கற்கள். டெவனில் பாலத்திலிருந்து ஏறத்தாழ 100 கஜ தூரத்தில் வெறும் 'சி' மட்டும் பொறித்த கல் நின்றால், பாலத்தின் இரு முனையிலும் 300 அடி சாலை கவுண்டியின் (மாவட்டத்தின்) பொறுப்பு என்று 1530-ன் பாலச் சட்டம் சொன்னதன் மிச்சம் அது. எழுத்தின் கீழ் அம்புக்குறியும் அதன் தலையில் ஒரு கிடைக்கோடும் இருந்தால், சர்வேக்காரர்கள் உயரம் அளக்க வெட்டியது. கல்லை நட்டவர்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வார்ப்பிரும்புக் கம்பம் வேறு வகை. அடிப்பக்கத்திலோ பின்பக்கத்திலோ வார்ப்பாலையின் பெயர் இருக்கலாம். லண்டனைச் சுற்றி இருக்கும் நிலக்கரி வரிக் கம்பங்களில் மாநகரின் கேடயச் சின்னமும் '24 & 25 விக்ட் கேப் 42' என்ற வாசகமும் பார்க்கலாம். விக்டோரியா ஆட்சியின் 24, 25-ம் ஆண்டு நாடாளுமன்றக் கூட்டத்தின் 42-வது சட்டம், அதாவது 1861. அந்தக் கோட்டைத் தாண்டி உள்ளே வந்த நிலக்கரிக்கு அப்போது வரி வாங்கினார்கள். இருநூறுக்கும் மேற்பட்டவை இன்னும் நிற்கின்றன. பயிற்சி எடுக்க இவற்றைவிடச் சுலபமானது இல்லை.

கல் சொல்வதும் இன்றைய வரைபடம் சொல்வதும் ஒத்துவராதபோது பயப்பட வேண்டாம். மார்ட்டன்-இன்-மார்ஷ் அருகே நான்கு ஷயர் (ஷயர் என்றாலும் கவுண்டிதான்) கல்லிடம் இன்று மூன்று கவுண்டிகள்தான் கூடுகின்றன. வூஸ்டர்‌ஷயரின் துண்டு நிலம் 1931-ல் குளோஸ்டர்‌ஷயருக்குப் போய்விட்டது. வடமேற்கே ரைனோஸ் கணவாயின் மூன்று ஷயர் கல்லில் 'லங்காஷயர்' என்று பொறித்திருக்கிறது, பின்முகத்தில் 'டபிள்யூ.எஃப். 1816'. 1974-ல் மூன்று ஷயரின் அந்தப் பகுதிகளும் புதிய கம்பிரியா கவுண்டிக்குள் போய், லங்காஷயர் அந்த இடத்தை விட்டே விலகிவிட்டது. 1876 முதல் 1882 வரை வந்த சட்டங்கள் துண்டுதுண்டாகக் கிடந்த பாரிஷ்களைச் சேர்த்துத் தைத்ததிலும் ஏராளமான கற்கள் கோடில்லாமல் அநாதையாயின. கல்லை அதன் காலத்து வரைபடத்தோடு ஒப்பிடுங்கள், இன்றையதோடு அல்ல.

பதிவு

இட எண்ணை ஆர்ட்னன்ஸ் சர்வே கட்டமுறையில் எழுதுங்கள். இரண்டு எழுத்துக்குப் பிறகு ஆறு இலக்கம் 100 மீட்டர் சதுரத்தைச் சொல்லும், எட்டு 10 மீட்டர், பத்து 1 மீட்டர். ஆறு இலக்கத்தோடு நிறுத்திவிட்டால் அடுத்து வருகிறவர் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும். கைபேசியைக் கல்லின் மேலேயே வைத்து, இரண்டு நிமிடம் விட்டு, எண் நிலைத்தபிறகு குறியுங்கள். பத்து இலக்கம் காட்டுகிறதே என்று கடைசி இலக்கத்தை நம்ப வேண்டாம். கைபேசியின் பிழை திறந்த வெளியிலேயே சில மீட்டர்.

உயரம், அகலம், கனம் மூன்றும் சென்டிமீட்டரில். உயரம் தரைக்கு மேல் தெரியும் அளவுதான் என்று சேர்த்து எழுதுங்கள், தரை ஏறியிருக்கலாம். எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, எந்த முகம் எந்தத் திசை, கல் வகை, உச்சி வட்டமா தட்டையா, வெடிப்பு, டிராக்டர் உரசிய தழும்பு எல்லாம் வேண்டும். வாசகத்தை இருக்கிறபடியே எழுத வேண்டும். வரி முடியும் இடத்தில் ஒரு சாய்கோடு, உறுதியில்லாத எழுத்துக்குச் சதுர அடைப்பு. ஊகித்து நிரப்பிய எழுத்தை உறுதியான எழுத்துபோல எழுதிவிட்டால், பின்னால் யாராலும் பிரித்தெடுக்க முடியாது.

படம் குறைந்தது ஆறு: நான்கு முகங்கள், அளவுகோல் வைத்து ஒன்று, சுற்றுப்புறத்தோடு தூரத்திலிருந்து ஒன்று. கடைசிப் படத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பத்து வருஷம் கழித்துக் கல் காணாமல் போனால் இடத்தைச் சொல்லும் படம் அதுதான்.

பதிவை இரண்டு இடங்களுக்கு அனுப்பலாம். ஒன்று, அந்த மாவட்டத்தின் வரலாற்றுச் சூழல் பதிவேடு. கவுண்டி கவுன்சிலோ தேசியப் பூங்காவோ வைத்திருக்கும். இன்னொன்று, 2001-ல் தொடங்கிய மைல்ஸ்டோன் சொசைட்டி. பெயர் மைல்கல் என்றாலும் எல்லைக்கற்களையும் சேர்க்கிறார்கள். பாரிஷ் கவுன்சிலுக்கும் ஒரு வரி எழுதுங்கள். சாலையோரக் கல்லுக்குப் பெரிய எமன் புல்வெட்டும் இயந்திரம். கோடையில் புல் மூடியிருக்கும்போது ஓட்டுநருக்குக் கல் தெரியாது, பிளேடு உச்சியைப் பெயர்த்துவிடும். வெட்டு தொடங்குவதற்கு முன் கல்லின் இரு பக்கமும் உயரமான கழி நட்டுவைக்கும்படி அவர்களிடம் கேட்கலாம்.

விழுந்து கிடக்கும் கல்லைத் தூக்கி நிறுத்தாதீர்கள். அரை டன் கல் கால்மேல் விழும் என்பது ஒரு காரணம். அது விழுந்த இடமும் அடியிலுள்ள குழியும்தான் அது எங்கே நின்றது என்பதற்குச் சாட்சி என்பது இன்னொன்று. படம் எடுத்து, அளந்து, தெரிவித்துவிட்டு வாருங்கள்.

கல் கிடைக்காத நாளுக்கும் பதிவு உண்டு. எந்தப் புள்ளி, எந்த வரைபடப் பதிப்பு, தேடிய தேதி, செடி மூட்டம் எவ்வளவு, பள்ளத்தின் இரு கரையும் பார்த்தாயிற்றா என்று எழுதி 'காணவில்லை' என்று போடுங்கள். 'இல்லை' என்று எழுதிவிட வேண்டாம். அடுத்த பிப்ரவரியில் வேலியை வெட்டி ஒதுக்கியபின் இன்னொருவர் அதே இடத்தில் போய் நிற்பார்.